திருப்பி விடப்பட்ட மீன்

2022ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வெப்பநிலை 40.3 பாகை செல்சியஸைத் தொட்டது. அந்நாட்டில் அதற்கு முன் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. அந்தக் கோடையில் நான் பர்மிங்காமில் அண்ணன் மகனின் வீட்டில் தங்கியிருந்தேன். வெக்கை சற்றே தணிந்த ஒரு காலையில், மீன் பிடிப்பதைக் காட்டுவதாகச் சொல்லி என்னைச் செவேர்ண் ஆற்றங்கரையில் உள்ள பியூட்லி என்னும் சிறு பட்டினத்துக்கு அழைத்துச் சென்றான். தடி, சுருள், அத்தாங்கு எல்லாவற்றையும் இறக்கி வைத்தான். பின்னர் ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் தாழ்த்தி எடுத்துப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் மீண்டும் காரில் ஏற்றத் தொடங்கினான்.

"என்ன தம்பி, மீன் பிடிக்கேல்லையோ?"

"இல்லைச் சித்தப்பா. தண்ணி சுட்டுப்போய்க் கிடக்கு. இண்டைக்குப் பிடிச்சால், விட்டாலும் செத்துப்போகும்."

இந்த 'விட்டாலும்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் மீன் பிடிப்பது கறிக்காகவும் சந்தைக்காகவும். பத்திரிகைத் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருந்த நாள்களில், வெள்ளையர்கள் மீனைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு மீண்டும் ஆற்றில் விடுகிறார்கள் என்ற செய்தியைக் கேலியாகத் தலைப்பிட்டுக் கட்டம் கட்டிப் போட்டவன் நான். அது பைத்தியக்காரத்தனம் என்று அன்று நினைத்தேன். அதன் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

அவன் தேடிப்போன மீனின் பெயர் பார்பல். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலத்தீனில் 'பார்பா' என்றால் தாடி. மேலுதட்டில் தொங்கும் நான்கு மீசைகளால் ஆற்றின் அடித்தளத்துப் பரல்களைத் தடவி இரை தேடுவதால் இப்பெயர் வந்தது. வாய் கீழ்நோக்கியது, உடல் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதற்கென்றே கடைந்தெடுத்தாற்போன்றது. தேம்ஸ், ட்ரென்ற் போன்ற கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகளே இங்கிலாந்தில் இதன் பூர்வீகம். பிரித்தானியா ஐரோப்பாக் கண்டத்துடன் நிலத்தால் இணைந்திருந்த காலத்தில் அவ்வாறுகள் ரைன் ஆற்றுத் தொகுதியுடன் தொடர்புற்றிருந்தன. கடல் குறுக்கிட்டபோது மீன் அங்கேயே தங்கிவிட்டது. மேற்குப் பக்கம் ஓடும் செவேர்ணில் அது இருக்கவில்லை.

சமையலறையில் இம்மீனுக்கு ஒருபோதும் நல்ல பெயர் இருந்ததில்லை. 1496இல் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சான, தூண்டில் பற்றிய முதல் ஆங்கில நூலே இதை உண்பது ஆபத்து என்று எச்சரித்தது. ஐசக் வோல்ற்றன் 1653இல் முதன்முதலாக வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இதன் சினையை நஞ்சு என்கிறார். அது உண்மையே, சினையை உண்டவர்கள் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் அவதிப்படுவர். அத்துடன் முள்ளும் அதிகம். உணவுக்கு உதவாத மீனை மனிதர் பிடித்தது அதன் வலிமைக்காகவே. ஆனாலும் நெடுங்காலம் பிடித்த மீன் கொல்லப்பட்டே வந்தது. பெரியவை பஞ்சடைக்கப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் ஏறின.

முதல் தடுப்பு 1878இல் வந்தது. ஷெஃபீல்ட் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா கொண்டுவந்த நன்னீர் மீன்பிடிச் சட்டம், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்களின் இனப்பெருக்கக் காலத்தில் தூண்டிலுக்கு ஓய்வு கொடுத்தது. அந்தச் சட்டத்தைக் கேட்டு நின்றவர்களில் பிரபுக்களைவிட ஆலைத் தொழிலாளர்களே அதிகம். ஞாயிறுதோறும் இரயிலேறி ஆற்றுக்குப் போனவர்கள் அவர்கள். இங்கிலாந்தின் ஆறுகளில் அந்த ஓய்வுக்காலம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

கருவிகளின் வளர்ச்சியிலும் ஆலைகளின் கை இருக்கிறது. சரிகைப் பின்னலுக்குப் பெயர்போன நொட்டிங்ஹாமில், ட்ரென்ற் ஆற்றுக்கென மரத்தாலான சுழல் சுருள் உருவானது. மிதப்பை நீரோட்டத்துடன் தடையின்றி அனுப்ப அது உதவியது. 1905இல் பிரட்ஃபோர்ட் நகரின் ஆலை அதிபர் இல்லிங்வேர்த், நூற்கும் பொறியைப் பார்த்துக் கற்று, சுழலாத சுருளுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரைமயிரும் பட்டுநூலும் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலோன் தங்கூசி வந்தது. பிளந்த மூங்கில் தடியின் இடத்தைக் கண்ணாடி இழையும், 1970களில் கரிம இழையும் பிடித்தன.

உபாயங்களும் மாறின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேம்ஸ்காரர்கள் மீனைக் கூட்டுவதற்கு முதல் நாளே ஆயிரக்கணக்கான மண்புழுக்களை ஆற்றில் கொட்டினார்கள். 1970களின் செவேர்ண்காரர்கள் துளையிட்ட சிறு குழாயில் ஈப்புழுக்களையும் சணல் விதையையும் அடைத்து, ஈயத்துடன் அடித்தளத்துக்கு அனுப்பினார்கள். கொக்கியில் ரின் இறைச்சித் துண்டு. பின்னர் இரையைக் கொக்கியில் குத்தாமல், மயிரிழை போன்ற நூலில் கொக்கிக்கு வெளியே தொங்கவிடும் முறை வந்தது. மீனை ஏமாற்றுவதற்கென்று கண்டுபிடித்ததுதான். ஆனால் கொக்கி தொண்டைக்குள் போகாமல் பெரும்பாலும் உதட்டில் மாட்டியது. மீன் பிழைத்தது.

செவேர்ணில் இல்லாத மீன் அங்கே வந்த கதை என்னைப் போன்ற பத்திரிகைக்காரனுக்குச் சுவையானது. 1956இல் 'அங்கிளிங் ரைம்ஸ்' என்ற வார இதழின் முன்முயற்சியில், தேம்ஸின் கிளையான கெனற் ஆற்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பார்பல்கள் செவேர்ணில் விடப்பட்டன. சில பத்தாண்டுகளில் அவை பல்கிப் பெருகின. பியூட்லியின் பெயர் நாடெங்கும் தெரிந்தது.

பெருக்கத்தோடு பாடங்களும் வந்தன. பிடித்த மீன்களை நாள் முழுதும் நீரினுள் நீள்வலைப் பையில் அடைத்து வைத்து, மாலையில் நிறுத்து, பரிசு கொடுப்பது போட்டிகளின் வழக்கம். பார்பலின் முதுகுச் செட்டையின் முன்முள் அரம் போன்ற பற்களுடையது. வலையில் சிக்கிக் கிழியும். அதனால் பல சங்கங்கள் அம்மீனை அவ்வாறு அடைப்பதைத் தடுத்தன. மெல்லிய நூலில் பெரிய மீனைப் பிடிப்பதே வீரம் என்ற எண்ணமும் மாறியது. மெல்லிய நூலானால் போராட்டம் நீளும். பார்பல் தன் கடைசித் துளி வலுவையும் செலவழித்துப் போராடும் மீன். களைத்த நிலையில் விட்டால் புரண்டு இறக்கும். ஆகவே பலமான நூலே இரக்கமுள்ள நூல். அண்ணன் மகனின் சுருளில் இருந்தது 12 றாத்தல் நூல். ஈயமும் தப்பவில்லை. சிந்திய ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மாண்டதால், 1987 முதல் தூண்டிலில் பெரும்பாலான அளவு ஈயக் குண்டுகள் தடைசெய்யப்பட்டன.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. உண்ணும் நோக்கமே இல்லாமல் ஓர் உயிரை வதைப்பது நியாயமா? ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் நியாயமான காரணமின்றி விலங்குக்கு வலி தருவதை அனுமதிக்காததால், விடுவதற்கென்றே பிடிப்பது அங்கே குற்றமாகக் கருதப்படுகிறது. சுவிற்சர்லாந்தும் 2009 முதல் அதைத் தடுக்கிறது. இக்கேள்விக்கு அண்ணன் மகனிடம் விடையில்லை. ஆனால் ஒன்று சொன்னான்: ஆறு கெட்டுப்போனால் முதலில் சத்தம் போடுகிறவர்கள் தூண்டில்காரர்கள்தான். அது பொய்யல்ல. 2006இல் 21 றாத்தல் 1 அவுன்ஸ் எடையுள்ள, அக்கால தேசியச் சாதனையான பார்பல் பிடிபட்ட கிரேற் ஊஸ் ஆற்றில், பிறகு அம்மீன் வெகுவாக அருகிவிட்டது. பலர் நீர்நாயைக் குற்றம் சொன்னார்கள். ஆய்வாளர்களோ, சேறு படிந்த பரல்களில் குஞ்சுகள் தப்பிப் பிழைக்காததையும் சுட்டினார்கள். மீனைப் பத்திரமாகத் திருப்பி விட்டால் மட்டும் போதாது. விடுவதற்கு ஓர் ஆறு இருக்கவும் வேண்டும்.

நான் ஊர் திரும்புவதற்கு முன், செப்டெம்பர் கடைசியில், மீண்டும் பியூட்லிக்குப் போனோம். தண்ணீர் குளிர்ந்திருந்தது. மாலையில் ஒரு பார்பல் மாட்டியது. வெண்கல நிறம், செந்நிறச் செட்டைகள். அதை அவன் கரைக்கு எடுக்கவில்லை. அத்தாங்கினுள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றினான். பின்னர் முழங்கால் நீரில் நின்று, மீனின் தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி இரு கைகளாலும் தாங்கிப் பிடித்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடங்கள். யாரும் பேசவில்லை. மீன் ஒருமுறை வாலை அசைத்து, தானாகவே அவன் கைகளை விட்டுப் போனது.

பத்திரிகைகள் தவறான செய்திக்குத் திருத்தம் போடுவதுண்டு. பெரும்பாலும் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், தாமதமாக. முப்பது வருடங்களுக்கு முன் நான் கட்டம் கட்டிப் போட்ட அந்தச் சிரிப்புச் செய்திக்கு இதுவே என் திருத்தம்.