பழஞ்சோறும் பங்கீட்டரிசியும்

நேயர்களே, பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே ஒரு சிறு காட்சி வருகின்றது. வலிய கைகளையுடைய தொழிலாளரின் அருமைச் சிறுவர்கள், வீட்டிலுள்ள பழஞ்சோற்றுத் திரளை வெறுத்து, வைக்கோல் வேய்ந்த குடிசையின் முற்றத்திலே அவல் இடிக்கின்றார்கள். அந்த உலக்கையோசையைக் கேட்டு அயலிலுள்ள கிளிகள் அஞ்சுகின்றன. புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்தவர். பழஞ்சோற்றை ஆராய வந்தவரல்லர். ஆயினும் நமக்கு இரண்டு செய்திகளைத் தந்துவிட்டார். முதல்நாட் சோற்றை மறுநாள் உண்பது அத்துணைப் பழைய வழக்கம் என்பது ஒன்று. பிள்ளைகள் அன்றைக்கே அதனை வெறுத்தார்கள் என்பது மற்றொன்று.

பிந்திய செய்திதான் இன்றைய பேச்சுக்குப் பொருள். மிஞ்சியதைக் கெடாமற் காப்பது பாதி வேலை. அதனைப் பிள்ளை விரும்பி உண்ணும்படி செய்வது மீதிப் பாதி. அந்த வேலை நம் தீவிலே எவ்வாறு நடந்துவந்தது, பஞ்சமும் பங்கீடும் அதனை எவ்வாறு புரட்டிப் போட்டன என்பதைச் சிறிது நோக்குவோம்.

மிச்சம் என்றவுடன் தற்செயலாகத் தங்கிப்போனது என்றே எண்ணத் தோன்றும். பழஞ்சோற்றைப் பொறுத்தவரை அது சரியன்று. முன்னாளில் யாழ்ப்பாணத்துக் கமக்கார வீடுகள் பலவற்றிலே சோற்றுக்கு உலை வைப்பது நாளொன்றுக்கு ஒருமுறைதான். விறகு சும்மா கிடைப்பதன்று. பனைமட்டையும் தென்னம்பாளையும் பொறுக்கி, வெட்டி, மாரிகாலத்துக்கென்று அடுக்கி வைக்கவேண்டியது. விடியுமுன் தோட்டத்துக்குத் துலா மிதிக்கப் போகின்றவனுக்கு அந்நேரத்திலே யார் உலை மூட்டுவது? ஆதலால் அரிசி அளக்கும்போதே மறுநாட் காலைக்கும் சேர்த்து அளந்தார்கள். இரவிலே மிச்சத்தைச் சட்டியில் இட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு மூடி வைத்தார்கள். விடியும்போது சோறு இளம்புளிப்பு ஏறியிருக்கும். நீருள் அமிழ்ந்த சோற்றிலே புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, தீய கிருமிகள் எளிதிற் பெருகாதபடி தடுக்கின்றன என்று இன்றைய விஞ்ஞானம் விளக்குகின்றது. தண்ணீர் விடாமல் வெப்பத்திலே திறந்து கிடந்த சோற்றுக்கு இந்தக் காவல் இல்லை. அது வயிற்றைக் கெடுக்கும். விஞ்ஞானப் பெயர்கள் ஒன்றும் அறியாமலே அந்த வேறுபாட்டை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். சிங்கள மக்களிடத்திலும் தியபத் என்ற பெயரால் இதே உணவு உண்டு. அவர்கள் அதிலே தேங்காய்ப்பால் விட்டு, வெங்காயமும் மிளகாயும் கூட்டி உண்பார்கள்.

கறிகளுக்கு வேறொரு நியாயம் இருந்தது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி விரைவிலே பழுதாகிவிடும். ஆகவே பாற்கறியை அன்றே முடிப்பார்கள். முடியாதாயின் நீர் வற்றி எண்ணெய் மிதக்குமளவும் சுண்டக் காய்ச்சுவார்கள். புளி கூட்டிய மீன்குழம்போ மண்சட்டியிலே ஓரிரவு கிடந்தாற் சுவை கூடும். இவ்வாறு வெவ்வேறு வகையாகக் காக்கப்பட்டவையெல்லாம் காலையிலே ஒன்றுசேரும் இடம் குழையல் என்பது. அகன்ற சட்டியிலே நீர் வடித்த பழஞ்சோறு. அதன்மேல் நேற்றைய கத்தரிக்காய்க் கறி, கொஞ்சம் கீரை, சட்டியோடு ஒட்டிக்கொண்ட குழம்பு, அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. மரக்கறி வீடாயின் தயிர். எல்லாவற்றையும் அம்மாவோ அப்பாச்சியோ கையாற் குழைத்து, உருண்டையாகத் திரட்டி, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையிலே ஒவ்வொன்றாக வைப்பார். தட்டும் வேண்டாம், இலையும் வேண்டாம்.

இதிலே ஒரு கணக்கு ஒளிந்திருக்கின்றது. நேற்றுத் தங்கிய ஒரு துண்டு மீனைத் துண்டாகவே பரிமாறினால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்ற நால்வரும் அழுவார்கள். குழைத்துவிட்டால் அந்த ஒரு துண்டு ஐந்து கைகளுக்கும் போய்விடும். கறி எவ்வளவு குறைவு என்பது கண்ணுக்குத் தெரியாது. அவலுக்கு ஓடிய சங்ககாலத்துச் சிறுவர்களைப் பழஞ்சோற்றுக்குத் திருப்பி அழைத்துவந்த உபாயம் இதுவென்றே நான் கருதுகின்றேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து பிறநாடுகளில் வாழ்வோர் பலர், விருந்துகளை மறந்தாலும் குழையலை மறவாதிருப்பது இதனாலேதான்.

ஆனால் கடைசி உருண்டை யாருக்கு? இதனையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஆடவர் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், குழைத்த கையே எஞ்சியதை வழித்து உண்டது. சில நாட்களில் வழிப்பதற்கு ஒன்றும் இராது. பழஞ்சோற்றுத் தண்ணீரிலே உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு அவள் அடுத்த வேலைக்குப் போனாள். சிக்கனத்தைப் புகழ்வோர் பலரும் அந்தச் சிக்கனம் யார் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கேட்பதில்லை.

இந்த ஒழுங்குக்குப் பெரும் அடி விழுந்தது 1942 ஆம் ஆண்டிலே. போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியிற் பாதிக்கு மேல் கடல் கடந்து வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மாவின் அரிசி. 1942 மார்ச்சிலே ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. ஏப்பிரல் 5 ஆந் தேதி கொழும்பிலும் 9 ஆந் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. மக்கள் குண்டைக் கண்டு அஞ்சினார்கள். ஆனால் பல ஆண்டுகள் அவர்களை வாட்டியது அரிசிக் கப்பல் வராமற் போனதுதான். அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் ஊருக்கு ஊர் வந்தன. வடக்கிலே கூட்டுறவுக் கடைகள் வேரூன்றியதற்கு அந்தப் பங்கீடும் ஒரு காரணமாகும்.

பங்கீட்டின் கொடுமையைப் பலரும் அளவின் குறைவாகவே கருதுகின்றனர். அடுக்களையிலே நேர்ந்தது அதனினும் நுட்பமானது. அளந்து கொடுத்த அரிசியிலே மறுநாளைக்கென்று அளப்பது எப்படி? பழஞ்சோறு என்பதே அருகிவிட்டது. மிச்சத்தை வைத்து வாழப் பழகிய குடும்பத்திடமிருந்து பஞ்சம் முதலிலே பறித்தது மிச்சத்தைத்தான்.

அந்த இடத்தை நிரப்ப வந்தது கோதுமை மா. பாண் நமக்குப் புதியதன்று; போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல்லே அது. ஆயினும் நெடுங்காலம் அது பட்டணத்தார் உணவாகவும் நோயாளிகளின் உணவாகவும் இருந்தது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் கோதுமை மா ஏழை வீட்டுக்குள்ளும் புகுந்தது. பிற்காலத்திலே யாழ்ப்பாணத்தார் அதனை அமெரிக்கன் மா என்றே அழைத்தனர். அரிசி மாவுக்குப் பழகிய கைகள் இதனைத் துணியிலே கட்டி ஆவியில் அவித்து, அரித்து, அவித்த மாவாக்கிப் பிட்டும் இடியப்பமும் செய்யக் கற்றன. மிச்சங்களும் வேறாயின. ஆறிய பிட்டை வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பிரட்டினார்கள். இடியப்பத்தை உதிர்த்துக் கறியொடு கிளறினார்கள். காய்ந்த பாணைச் சொதியிலே ஊறவிட்டார்கள். முட்டை அகப்பட்ட நாளிலே அதில் தோய்த்துப் பொரித்தார்கள். பழஞ்சோற்றைப் போல இவை இரவிலே தாமாகப் பக்குவமடைவன அல்ல. மறுபடி அடுப்பு மூட்டவேண்டும், எண்ணெய் வேண்டும். மாவின் மிச்சம் சோற்றின் மிச்சத்தைவிடச் செலவு கூடியது என்பதை மாவை இறக்குமதி செய்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1953 ஜூலையிலே டட்லி சேனநாயக்காவின் அரசு பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12 ஆந் தேதி ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே கூடியது. அக்டோபரிலே பிரதமர் பதவி துறந்தார். சோற்றின் விலை ஓர் அரசை அசைத்த கதை இது. 1966 டிசம்பரிலே வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கீடு ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒரு கொத்து இலவசமாயிற்று.

1973, 1974 ஆம் ஆண்டுகள் இன்னும் கடியவை. உலகச் சந்தையிலே கோதுமையும் எண்ணெயும் விலை ஏறின. அரிசியை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லவும் தடை இருந்தது. பாண் கடைகளின் முன்னே விடியுமுன் வரிசை நின்றது. மரவள்ளிக்கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை வந்தமையால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் சிலருக்கு அது நல்ல காலமாயிற்று என்பதும் உண்மை. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கோ கிழங்கு நடத் தமக்கென நிலம் இல்லை. கோதுமை றொட்டியே அவர்களுடைய உயிர்நாடி. காலையிலே தட்டிய றொட்டியில் மிஞ்சியதைக் கொழுந்து பறிக்கும் மலைக்குக் கொண்டுபோய்ச் சம்பலோடும் வெறுந்தேநீரோடும் உண்பது வழக்கம். அந்த மாவும் குறைந்தபோது மிஞ்சுவதற்கு ஏது? 1974 இலே தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. எந்தக் கைத்திறனும் இல்லாத மாவிலிருந்து றொட்டி செய்யாது.

1979 இலே உணவு முத்திரைத் திட்டம் வந்தபோது, 37 ஆண்டு நீடித்த பங்கீட்டு முறை மறைந்தது. இதற்கிடையிலே மிச்சத்திலும் ஒன்று வீதிக்கு வந்து பெருமை பெற்றுவிட்டது. கொத்துறொட்டியைச் சொல்லுகின்றேன். கிழக்கிலங்கை ஊர்கள் அதனைத் தம்முடையதென்று உரிமை கொண்டாடும். ஈரம் வற்றிய றொட்டி கறிநீரை நன்றாக ஏற்கும் என்பதை அறிந்த எவனோ ஒருவன் அதனைத் தொடங்கியிருக்க வேண்டும். இன்று அதற்கென்றே புது றொட்டி சுடுகின்றார்கள்; விலையும் ஏழைக்கு எட்டுவதாயில்லை.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நேயர்கள் அறிவீர்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக நின்றது. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்கிலே வரிசையில் நின்றார்கள். மார்ச்சின் முடிவிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மின்சாரம் இல்லாத குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரிதானே? மிஞ்சிய சோற்றை அதற்குள் வைத்துப் பழகிய பட்டணத்து வீடுகளிலும் மறுபடி சட்டியும் தண்ணீரும் தேடப்பட்டன. எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்ட இளையோருக்கு, சோறு நன்றாக ஆறவேண்டும், பிறகு தண்ணீர் அதை மறைத்து மேலும் இரண்டு விரற்கடை நிற்கவேண்டும் என்று மூத்தோர் சொல்லிக்கொடுத்தனர்.