மடி முதல் முதுகுப்பை வரை



போன வாரம் மக போன் பண்ணினா. "அப்பா, வேலைக்குப் போக வரவும், லீவுக்கு ஊருக்கு வரவும் ஒரே பையா ஒண்ணு வாங்கணும். திருடன் கை வைக்க முடியாத பைன்னு விக்கிறாங்க. முதுகுலயும் மாட்டலாம், தோள்லயும் தொங்க விடலாம். மூணு பார்த்து வெச்சிருக்கேன், எது நல்லதுன்னு சொல்லுங்க"ன்னா. படத்தையும் வாட்ஸ்அப்புல அனுப்பிட்டா.

மாட்டுக்குச் சுழி பார்க்கச் சொன்னா பார்ப்பேன், பையைப் பத்தி என்னைக் கேக்கிறாளேன்னு சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, எங்க வீட்டுல இதைச் சொல்ற தகுதி எனக்குத்தான் உண்டு. பையில வெச்ச பணத்தை ஒருதரம் மொத்தமாத் தொலைச்சவன் நான். அந்தக் கதையைப் பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி, நம்ம ஆளுக காசை எப்படியெல்லாம் கொண்டுபோனாங்கன்னு பார்த்துடுவோம்.

முதல்ல பைன்னு ஒண்ணு தனியா கிடையாது. துணிதான் பை. பொற்கிழின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. திருவிளையாடல்ல தருமிக்குக் கிடைச்சது அதுதான். கிழின்னா துணித்துண்டு. காசை அதுல வெச்சு முடிச்சுப் போட்டா கிழி. பண முடிப்புன்னு நாம இன்னைக்கும் சொல்றோமே, அந்த முடிப்பும் முடிச்சுல இருந்து வந்ததுதான். பொன் காசு சின்னது. ஒரு வராகன் மூணரை கிராம்கூட இருக்காது. பத்து வராகனை இடுப்புல செருகிட்டு நடந்தா வெளியே தெரியாது.

வெள்ளி ரூபாய் வந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பிச்சுது. சென்னை மாகாணத்துல 1818-ல வராகனை விட்டுட்டு வெள்ளி ரூபாயைக் கணக்குக் காசா வெச்சாங்க. 1835-ல கம்பெனி ஆட்சி முழுசுக்கும் ஒரே ரூபாய் ஆச்சு. அந்த ரூபாயோட எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு ரூபாய்ன்னா ஒரு கிலோ 166 கிராம். ஐநூறு ரூபாய்ன்னா ஆறு கிலோ பக்கம் வந்துடும். காடு வாங்கப் போறவன் காசை மறைக்கவே முடியாது. நடக்கிறப்ப சத்தம் வரும், இடுப்பு இறங்கும். "மடியில கனம் இருந்தா வழியில பயம்"னு பெரியவங்க சொல்றது வெறும் உவமை இல்லீங்க. நெசமாவே கனம் இருந்துச்சு.

அந்தக் கனத்தைச் சுமக்க நம்ம ஆளுக கண்டுபிடிச்ச வழிகளை எண்ணிப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். ஆம்பளைக்கு வேட்டி மடி. வேட்டியோட மேல் ஓரத்துல காசை வெச்சு உருட்டி, அரணாக்கயித்துக்கு உள்பக்கமாச் செருகிடுவாங்க. பொம்பளைக்கு முந்தானை முடிச்சு, இல்லைன்னா சுருக்குப்பை. எங்க அப்பத்தா வெச்சிருந்த சுருக்குப்பை இன்னமும் கண்ணுல நிக்குது. ரெண்டு பக்கமும் கயிறு. ரெண்டையும் எதிரெதிரா இழுத்தா வாய் மூடிக்கும். பையோட கனமே கயித்தை இழுத்துப் பிடிச்சிருக்கும். உள்ளே ரெண்டு மூணு அறை. வெத்தலை பாக்கு ஒண்ணுல, சில்லறை ஒண்ணுல, நோட்டு மடிச்சு இன்னொண்ணுல. அதை இடுப்புச் சேலைக்குள்ள செருகிட்டா, அப்பத்தாவுக்குத் தெரியாம அதைத் திறக்க யாராலயும் முடியாது. பேரன் நானே எத்தனையோ தரம் முயற்சி பண்ணித் தோத்திருக்கேன்.

தோள்ல கிடக்கிற துண்டையும் விட்டுடக் கூடாது. வெயில்ல தலைப்பாகை, வேலையில இடுப்புக் கட்டு, சந்தையில மூட்டை. மாட்டுச் சந்தையில தரகருங்க துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. பக்கத்துல நிக்கிறவனுக்கு விலை தெரியாது. காசையும் மறைக்கும், விலையையும் மறைக்கும். இப்ப மாத்தி மாத்திப் போடுற பைன்னு விக்கிறாங்களே, அந்த வேலையைத் துண்டு எப்பவோ செஞ்சுடுச்சு.

அப்புறம் மாட்டு வியாபாரிங்க கட்டுற பச்சை பெல்ட். நல்ல அகலம், ரெண்டு மூணு பை, பொத்தான் வெச்ச மூடி. வேட்டி நழுவாமப் பிடிக்கும், பணமும் வயித்தோட ஒட்டிக் கிடக்கும். அதுக்குப் பிறகு பட்டாபட்டி டவுசர்ல பெரிய பை வெச்சுத் தெச்சுக்கிட்டாங்க. வேட்டிக்கு உள்ளே டவுசர், டவுசருக்கு உள்ளே பணம்.

மஞ்சப்பையையும் இதுல சேர்க்கணும். கல்யாண வீட்டுல தாம்பூலத்தோட வர்ற பை. அதைத் தூக்கிட்டு டவுனுக்குப் போனா பட்டிக்காட்டான்னு கேலி பண்ணுவாங்க. ஆனா நிலம் வித்த பணத்தை அந்தப் பையில போட்டு, மேல ரெண்டு கட்டுக் கீரையை வெச்சுட்டு, பேங்குக்குப் போன பெரியவரை எனக்குத் தெரியும். கீரைப் பையை எவன் திருடுவான்? 2021 டிசம்பர்ல அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு திட்டம் கொண்டுவந்துச்சு. அது பிளாஸ்டிக்கை ஒழிக்க. எங்க ஊர்ப் பெரியவருக்கு அது திருட்டையும் ஒழிச்சுக் குடுத்துச்சு.

இந்த வழிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தா மூணு விசயம் தெரியும். ஒண்ணு, வாய் உடம்பைப் பார்த்து இருக்கு, வெளியாளைப் பார்த்து இல்லை. ரெண்டு, மொத்தப் பணமும் ஒரே இடத்துல இல்லை. மூணு, பார்த்தா பணம் இருக்கிற மாதிரி தெரியலை. பூட்டுங்கிற பேச்சே இதுல எங்கயும் வரலை, கவனிச்சீங்களா?

இனி திருடன் பக்கம் வருவோம். அந்தக் காலத்துல வழிப்பறின்னா ஆள் முன்னால வந்து நிப்பான். கம்பு இருக்கும், கத்தி இருக்கும். பறிகொடுத்தவனுக்கு அந்த நிமிசமே தெரிஞ்சுடும். ரயிலும் பஸ்ஸும் வந்து அதை மாத்திடுச்சு. தென்னிந்தியாவுல முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடுச்சு. முன்னப்பின்ன தெரியாத ஆளோட தோளோட தோள் ஒட்டி உட்கார்றது அதுக்கு முன்னாடி நம்மளுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. நெரிசல்ல ஒரு கை படுறது தப்பாத் தெரியாது. அதுதான் பிக்பாக்கெட்காரனுக்குக் கிடைச்ச வசதி.

பணமும் அதுக்கேத்த மாதிரி மாறிடுச்சு. 1861-ல காகிதப் பணச் சட்டம் வந்துச்சு. 1917-ல ஒரு ரூபாய்க்கே நோட்டு அடிச்சாங்க. 1940-ல ரூபாய்ல வெள்ளி பாதியாச்சு, 1947-ல நிக்கலே ஆச்சு. கனம் போச்சு, சத்தம் போச்சு. மறைக்கிறவனுக்கு லேசு, எடுக்கிறவனுக்கும் லேசு.

இதுக்கு நடுவுல வெளிநாட்டுல ரெண்டு சாமான் வந்துச்சு. ஒண்ணு, மெல்லிசான சவர பிளேடு. 1903-ல அமெரிக்காவுல ஜில்லெட் விக்க ஆரம்பிச்சாங்க. இன்னொண்ணு ஜிப்பு. 1917-ல கிடியோன் சண்ட்பேக்ங்கிறவர் அதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். ஜிப்பு வந்ததும் பையை மூடிட்டோம்னு ஜனங்களுக்குத் தைரியம் வந்துடுச்சு. பிளேடு வெச்சிருக்கிறவனுக்கு ஜிப்பு எதுக்கு? அவன் வாய் வழியா வர்றதே இல்லை.

இப்ப என் கதை.

1994 சித்திரை மாசம். கிணத்துல தண்ணி கீழே போயிடுச்சு, வெடி வெச்சு ஆழப்படுத்தணும். அதுக்காக கண்ணபுரம் மாட்டுச் சந்தையில ஒரு ஜோடி காளையை வித்தோம். பதினோராயிரம் ரூபாய், எல்லாம் நூறு ரூபாய் நோட்டு. அய்யன் அவரோட பச்சை பெல்ட்டைக் கழட்டி, "இதைக் கட்டிக்கடா"ன்னார். எனக்கு இருபத்தி நாலு வயசு. பேண்ட் போட்டிருந்தேன். பேண்ட் மேல பச்சை பெல்ட்டைக் கட்டினா பஸ்ஸுல நாலு பேர் சிரிப்பாங்க. அந்த மாசந்தான் ஜிப்பு வெச்ச ரெக்சின் பை ஒண்ணு வாங்கியிருந்தேன். "அதெல்லாம் பழைய காலம்ங்க, பை இருக்கு"ன்னு சொல்லி அதுல வெச்சேன்.

சந்தை கலையுற நேரம், பஸ்ஸுல காத்து நுழையக்கூட இடம் இல்லை. அய்யனுக்கு மட்டும் உட்கார இடம் கிடைச்சுது. "பையைக் குடு, மடியில வெச்சுக்கறேன்"ன்னார். அதையும் கேக்கலை, "இருக்கட்டுங்க"ன்னுட்டேன். தோள்ல மாட்டின பை நெரிசல்ல முதுகுப் பக்கம் போயிடுச்சு. வெள்ளகோவில்ல இறங்கினதும் கையை வெச்சுப் பார்த்தேன். ஜிப்பு போட்டது போட்டபடி இருந்துச்சு. அடியில ஒரு சாண் நீளத்துக்குக் கிழிச்சிருந்தாங்க.

காவல் நிலையத்துல எழுதிக் குடுத்தோம். பணம் கிடைக்கலை. காளையும் போச்சு, பணமும் போச்சு, கிணறும் ஆழமாகலை. அடுத்த ரெண்டு வருசம் அய்யன் அடுத்தவங்க தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். சொந்தக் காட்டுல பாடுபட்டுப் பழகின மனுசன். என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா அதுக்கப்புறம் நான் எங்கே கிளம்பினாலும், வாசல்ல நின்னு என் இடுப்பை ஒருதரம் தொட்டுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவார். அவர் சாகிற வரைக்கும் அந்தப் பழக்கம் இருந்துச்சு.

என் பையில தப்பு என்னன்னு பின்னாடி புரிஞ்சுது. பூட்டு சரியில்லாதது இல்லை. பணத்துக்கும் வெளியாளோட கைக்கும் நடுவுல ஒரு ரெக்சின் துணி மட்டும் இருந்துச்சு, என் உடம்பு அந்தப் பக்கம் இருந்துச்சு. அதுதான் தப்பு.

இதைத்தான் இப்ப புதுப் பைக்காரங்களும் பிடிச்சிருக்காங்க. 1998-ல ஹாங்காங்ல ஆரம்பிச்ச பேக்சேஃப் கம்பெனி, முதுகுப்பை மேல போத்துற இரும்புக் கம்பி வலையை வித்துச்சு. இப்ப அந்தக் கம்பியைத் துணிக்குள்ளயும் வாருக்குள்ளயும் வெச்சுத் தைக்கிறாங்க. 2016-ல நெதர்லாந்துல எக்ஸ்டி டிசைன்காரங்க பாபின்னு ஒரு முதுகுப்பை கொண்டுவந்தாங்க. அதுல ஜிப்பு முதுகை ஒட்டி இருக்கும், வெளியே பார்த்தா வாயே தெரியாது. அப்பத்தா சுருக்குப்பையை இடுப்புல செருகின அதே கணக்கு.

சரி, மகளுக்கு என்ன சொன்னேன்?

முதல் பையில வெளியே நம்பர் பூட்டு இருந்துச்சு. பார்க்க ஜோரா இருக்கு. ஆனா உள்ளே விலையுள்ள சாமான் இருக்குன்னு பூட்டே ஊருக்குச் சொல்லுது. வேண்டாம்னேன்.

ரெண்டாவது பை முதுகுல மாட்டினா வாய் முதுகைப் பார்த்து இருக்கு, சரிதான். ஆனா வாரை மாத்தித் தோள்ல தொங்க விட்டா அதே வாய் வெளிப்பக்கம் திரும்பிக்குது. மாத்திப் போடுற பை வாங்கினா இதைத்தான் முதல்ல பார்க்கணும். எத்தனை விதமா மாட்டலாம்னு கடைக்காரர் சொல்லுவார். ஒவ்வொரு விதத்துலயும் வாய் எந்தப் பக்கம் போகுதுன்னு நாமதான் போட்டுப் பார்க்கணும்.

மூணாவது பை பார்க்கச் சாதாரணமா, சாம்பல் நிறத்துல, விளம்பரம் இல்லாம இருந்துச்சு. எப்படி மாட்டினாலும் பெரிய ஜிப்பு உடம்புப் பக்கம். அதையே கடையில போய் எடுத்துப் பாருன்னேன். அடியை ரெண்டு விரலால அழுத்திப் பார். கம்பி வலை இருக்குன்னா கையில நெருடும். எந்தத் துணியும் வெட்டவே முடியாததில்லை, ஆனா நேரம் ஆகும். பஸ்ஸுல திருடனுக்கு நேரம்தான் கிடையாது. மாத்திப் போடுற வாருக்கு வளையமும் கொக்கியும் இருக்கும், முதல்ல விட்டுப்போறது அங்கதான். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு உள்ளே வெச்சா ரெண்டு கிலோ. அதை மாட்டிக் கடைக்குள்ளயே பத்து நிமிசம் நட. தோள் வலிச்சா எவ்வளவு பாதுகாப்பான பையா இருந்தாலும் நாலாம் நாள் ஆணியிலதான் தொங்கும்.

கார்டுல இருந்து காத்துலயே பணத்தை உருவிடுவாங்கன்னு சொல்லி, அதுக்குத் தனி அறை வெச்ச பைக்குக் கூட விலை கேக்கிறாங்க. தொட்டாலே பணம் போற கார்டுக்கு ரகசிய எண் இல்லாம ஒருதரத்துக்கு 5,000 ரூபாய் வரைக்கும்தான் போகும், 2021 ஜனவரியில இருந்து அதுதான் வரம்பு. பேங்க் ஆப்புல அந்த வசதியையே அணைச்சு வெச்சுடலாம். அதுக்காகக் கூடுதல் காசு குடுக்க வேண்டாம்னேன்.

மீதி எல்லாம் பழைய பாடந்தான். நெரிசல்ல பை நெஞ்சுப் பக்கம் வரணும். ரயில்ல தூங்கும்போது கீழ்ப் பெர்த்துக்கு அடியில இருக்கிற வளையத்துல வாரைக் கோத்துச் சங்கிலி போடு. போனும் பணமும் கார்டும் ஒரே அறையில வேண்டாம். ஊருக்கு வர்ற பஸ் காசு மட்டும் எப்பவும் தனியா, உடம்போட இருக்கட்டும்.

மூணாவதையே வாங்கிட்டா. அவ அம்மா ஒரு சின்னச் சுருக்குப்பை தெச்சு அனுப்பியிருக்கா, பஸ் காசு வைக்க. சிரிப்பாளோன்னு நினைச்சேன். சிரிக்கலை, உள்ளே வெச்சிருக்கேன்னு போட்டோ அனுப்பினா.

பொங்கலுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப நான்தான் பஸ் ஏத்தி விடணும். பையோட வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு என் கை தானாப் போய்த் தொட்டுப் பார்க்கும். அவளுக்கு அது ஏன்னு இப்பத் தெரியும்.