காவலில் பிரிந்த உயிரும் பைத்துல்மாலின் கடனும்

  

2015-ஆம் ஆண்டின் ரமளான் மாதத்தை நம் பாலாற்றங்கரை மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஷமீல் அஹமத், காணாமல்போன ஒரு பெண்ணைப் பற்றிய புகாரில் பள்ளிகொண்டா காவல்துறையினரால் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு அவர் அடித்துத் துன்புறுத்தப்பட்டார் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் ஜூன் 26, வெள்ளிக்கிழமையன்று சென்னையில் உயிர் நீத்தார். காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

மறுநாள் இரவு ஆம்பூரில் நடந்தவற்றைத் தாங்கள் அறிவீர்கள். கல்வீச்சு நடந்தது, வாகனங்கள் எரிந்தன, பெண் காவலர்கள் உட்படப் பலர் காயமுற்றனர். அந்தக் கலவர வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து 161 பேரை விடுவித்தது. கல்லெறிந்தவர் எவராயினும் அவர் அந்த இளைஞருக்கு நன்மை செய்தவர் அல்லர். ஒரு மனிதன் எப்படி இறந்தான் என்னும் கேள்வி, எரிந்த பேருந்துகளின் புகையில் மறைந்துபோயிற்று. குற்றம் நிரூபிக்கப்படாத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பத்தாண்டுக் காலம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலையில் நாட்கூலிக்கு நிற்பவனுக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் கூலி அல்லவா!

அரசின் பிடியில் இருக்கும்போது ஒருவன் உயிரிழந்தால் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் யார்? அவனுடைய குடும்பத்திற்கு அரசு கடன்பட்டதா? இக்கேள்வி நம் மார்க்க வரலாற்றுக்குப் புதியதன்று.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. மக்கா வெற்றிக்குப் பின் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஹழ்ரத் காலித் பின் வலீத் (ரளி) அவர்களைப் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் இஸ்லாத்தின் அழைப்போடு அனுப்பினார்கள். அம்மக்களுக்குத் தாங்கள் இஸ்லாத்தை ஏற்றுவிட்டதைச் செம்மையாகச் சொல்லத் தெரியவில்லை. பழைய மதத்தை விட்டோம் என்னும் பொருளில் ஏதோ சொன்னார்கள். அவர்கள் கைதிகளாக்கப்பட்டனர். பின்னர் கைதிகளைக் கொல்லும்படி கட்டளை பிறந்தது. ஹழ்ரத் அப்துல்லாஹ் பின் உமர் (ரளி) அவர்கள் தம் கைதியைக் கொல்ல உறுதியாக மறுத்துவிட்டார்கள். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்த இச்செயலிலிருந்து தாம் நீங்கியவர் என்று அல்லாஹ்விடம் இருமுறை முறையிட்டார்கள். புகாரி ஷரீஃபில் பதிவான செய்தி இது.

அத்துடன் முடிந்ததா? இல்லை. ஹழ்ரத் அலீ (ரளி) அவர்களைப் பெரும் பொருளுடன் அக்கூட்டத்தாரிடம் அனுப்பினார்கள். கொல்லப்பட்ட ஒவ்வோர் உயிருக்கும் தியத் வழங்கப்பட்டது. சேதமான பொருள்களுக்கும் ஈடு கொடுக்கப்பட்டது. நாய் நீர் குடிக்கும் மரக் கிண்ணத்திற்குக்கூட விலை தரப்பட்டதாக ஸீரா ஆசிரியர்கள் எழுதுகின்றனர். பிறகும் பொருள் மிஞ்சியது. தங்களுக்குத் தெரியாத இழப்பு ஏதேனும் இருக்கலாம் என்று பேணுதலாக அதையும் அம்மக்களிடமே அலீ (ரளி) அவர்கள் விட்டுவந்தார்கள். அண்ணலார் அதைச் சரி என்று ஏற்றார்கள்.

சற்று நின்று கவனியுங்கள். தளபதியோ ‘அல்லாஹ்வின் வாள்’ என்று பட்டம் பெற்ற பெருவீரர். ஆயினும் அவருடைய சிறப்பு அவருடைய தவறை மூடும் திரையாகவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் மதீனாவுக்கு மனு எழுதிக் காத்திருக்கவும் இல்லை. தவறு நடந்த இடத்திற்கு அரசே தேடிப் போயிற்று.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட நுட்பமானது. கணவன் ஊரில் இல்லாத ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு எழவே, கலீஃபா உமர் (ரளி) அவர்கள் அவளை அழைத்துவர ஆளனுப்பினார்கள். கலீஃபா அழைக்கிறார் என்ற அச்சத்திலேயே வழியில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. பிறந்த குழந்தை இறந்துபோயிற்று. யாரும் அடிக்கவில்லை, யாரும் தொடவும் இல்லை. தோழர்களிடம் ஆலோசித்தபோது சிலர், தாங்கள் ஒழுங்கை நிலைநாட்ட அழைத்தவர், தங்கள்மீது ஒன்றும் இல்லை என்றனர். மௌனமாக இருந்த அலீ (ரளி) அவர்களிடம் கேட்டபோது, அது தவறான கருத்து என்றும், அவளை அச்சுறுத்தியது கலீஃபாவே ஆதலால் தியத் அவர்மீதே கடமை என்றும் தீர்ப்புரைத்தார்கள். உமர் (ரளி) அவர்கள் அதை ஏற்றுத் தம் குலத்தாரிடமிருந்து அதை நிறைவேற்றச் செய்தார்கள். நீதிபதியின் பிழையால் உயிர் போனால் ஈடு பைத்துல்மாலைச் சாரும் என்று ஹனஃபி இமாம்கள் பிற்காலத்தில் எழுதினார்கள்.

ஹிஷாம் பின் ஹகீம் (ரளி) அவர்கள் ஷாம் நாட்டில் சில குடியானவர்களைக் கண்டார்கள். வரி கட்டவில்லை என்பதற்காக அவர்கள் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தனர். உலகில் மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்னும் நபிமொழியை அவர் ஆளுநரிடம் சென்று எடுத்துரைக்கவே, அக்குடியானவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

இதே வெயில்தான் பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் வேலூர் அடங்கிய சென்னை மாகாணத்திலும் எரிந்தது. நிலவரிக்காகக் குடிமக்கள் வதைக்கப்படுவதாக 1854-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் பேச்செழுந்து, அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களை நசுக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் பிணைக்கும் அண்ணந்தாள், உச்சி வெயிலில் நிறுத்துதல் எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. வரி வசூலும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததே இதற்கு வாய்ப்பாக இருந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்துச் சென்னை மாகாணக் காவல்துறையைத் தனியாக அமைத்தது.

ஆனால் அரசு ஈடு தரவேண்டுமா என்னும் வழக்கு மனிதனுக்காக அன்றி ஒரு குதிரைக்காகத்தான் எழுந்தது! கல்கத்தாவின் கிதர்ப்பூர் அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் ஊழியர்களின் கவனக்குறைவால் ஒரு கப்பல் கம்பெனியின் வண்டிக்குதிரை காயமுற்றது. 1861-இல் அக்கம்பெனிக்கு ஈடு கிடைத்தது. எனினும், இறையாண்மை அதிகாரத்தில் செய்த செயலுக்கு அரசு பொறுப்பாகாது என்ற விதியும் அத்தீர்ப்பிலேயே முளைத்தது. சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் 1964-இல் கஸ்தூரிலால் வழக்கில் அதே விதியைச் சொல்லி, காவல் நிலையத்தில் தங்கத்தைப் பறிகொடுத்த வியாபாரியைக் கைவிட்டது.

1983-இல்தான் கதவு திறந்தது. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் 14 ஆண்டுகள் பீகார்ச் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. ஒரிஸ்ஸாவில் 22 வயது மகன் காவலில் எடுக்கப்பட்ட மறுநாள் இரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடக்கக் கண்ட தாய் நீலாபதி பெஹரா, நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1993-இல் 1,50,000 ரூபாய் வழங்கத் தீர்ப்பாயிற்று. அடிப்படை உரிமை மீறப்பட்டால் இறையாண்மையைக் காட்டி அரசு தப்ப முடியாது என்பது அன்று உறுதியாயிற்று. 1996-இல் டி.கே.பாசு வழக்கில் கைதின்போது கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகள் பிறந்தன. 2025 ஜூனில் திருப்புவனம் காவலில் இறந்த கோயில் காவலாளி அஜித்குமாரின் குடும்பத்துக்கு, அரசு முன்பு தந்ததற்கு மேலாக 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது.

ஆயினும் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட நம் நாடு அதை உறுதிசெய்து ஏற்கவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய தடுப்பு மசோதாவும் காலாவதியாயிற்று.

நம் குடும்பங்களில் இரண்டு தயக்கங்கள் உண்டு. ஒன்று, ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாதே, உடலை அறுக்கலாமா என்பது. அடக்கம் விரைவாக நடைபெறுவது விரும்பத்தக்கதே. ஆனால் அடித்த தழும்பு மண்ணுக்குள் போய்விட்டால் சாட்சியும் போய்விடுகிறது. உரிமையை நிலைநாட்டும் கட்டாயத்தின்போது பிரேதப் பரிசோதனையை ஆலிம்கள் பலர் அனுமதித்துள்ளனர். காவலில் மரணம் நேர்ந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது நீடிக்கிறது. அவ்விசாரணையில் உடனிருக்க உறவினருக்கு உரிமை உண்டு. மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் நிகழ்ச்சி நடந்த ஓராண்டுக்குள் போகவேண்டும். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு இவை தெரியாமல் போகலாம். ஜமாஅத் நிர்வாகிகள் தாம் முன்னின்று செய்யவேண்டும்.

மற்றொன்று, உயிருக்கு விலை வாங்குவதா என்னும் கூச்சம். பனூ ஜதீமா மக்கள் பெற்றது விலையன்று, உரிமை. இழப்பீடு பெறுவதால் குற்ற வழக்கு முடிந்துவிடாது. இரண்டும் வெவ்வேறு பாதைகள். பணத்தைக் காட்டி வாக்குமூலத்தை மாற்றச் சொல்பவர் எவராயினும், அவர் தருவது தியத் அன்று, இலஞ்சம்.

அத்தொகை வந்தபின் அதை யார் வைத்துக்கொள்வது என்று மூத்த சகோதரர்களுக்கும் விதவைக்கும் இடையே பிணக்கு எழுவதுண்டு. கணவனின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்றே உமர் (ரளி) அவர்களும் முதலில் கருதியிருந்தார்கள். அஷ்யம் என்பவரின் மனைவிக்கு அவருடைய தியத்திலிருந்து பங்கு கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியனுப்பியதை ளஹ்ஹாக் பின் ஸுஃப்யான் (ரளி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கலீஃபா அக்கணமே தம் கருத்தைக் கைவிட்டார்கள். அரசு ஒருவர் பெயரைக் குறித்துத் தரும் நிவாரணத்துக்கும் வாரிசுகள் அனைவருக்கும் உரிய ஈட்டுத் தொகைக்கும் சட்டம் வேறுபடலாம். ஆதலால் பிரிப்பதற்கு முன் உத்தரவின் நகலை ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டுங்கள். குழந்தைகளின் பங்கை அவர்கள் பெயரிலேயே வைத்துவிடுங்கள்.