மலைமேல் சத்திரங்கள்

கோடையில் பத்து நாள் மலையிலேயே நடந்து கழிப்பது என்று ஓர் ஆஸ்திரியக் குடும்பஸ்தர் தீர்மானித்துவிட்டால், நம் கணக்கில் மாசி மாதத்திலேயே மேஜையின் மேல் மலைப் படத்தை விரித்துவிடுகிறார். அந்தப் படத்தில் ஆறுகளும் பனிப்பாறைகளும் கணவாய்களும் போக, ஆங்காங்கே சின்னஞ்சிறு வீட்டுக் குறிகள் போட்டிருக்கும். ஊருக்கு வெகு மேலே, மாடு மேய்கிற புல்வெளியும் தீர்ந்துபோன இடத்தில் தன்னந்தனியாக நிற்கும் குடில்கள் அவை. இந்தக் குறியிலிருந்து அந்தக் குறிக்கு எவ்வளவு என்று அவர் கணக்குப் போடுகிறார். மைலிலும் கிலோமீட்டரிலும் போட்டால் ஏமாந்து போவார். மலையில் தூரத்தை மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். வழிகாட்டிப் பலகையிலேயே '5 மணி' என்றுதான் எழுதியிருக்கும். அந்த ஐந்து மணி யாருடைய கால்களுக்கு என்பது நடந்த பிறகுதான் தெரியும்!

குடில் என்றதும் பர்ணசாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கல்லும் மரமுமாகக் கட்டிய, ஐம்பது பேரும் நூறு பேரும் தங்கக்கூடிய வீடுகள் அவை. மாடியில் வரிசையாக மெத்தைகள். பக்கத்து மெத்தையில் குறட்டை விடுகிறவர் யார் என்பது காலையில்தான் தெரியும். கம்பளி குடில்காரர் கொடுப்பார். உள்ளே விரித்துக்கொள்ளும் துணிப்பையை நாம் கொண்டுபோக வேண்டும். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் பேச்சு மூச்சு கூடாது. சூடான சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். அரிசியும் மாவும் கம்பிவடத்தில் தொங்கும் கூடையிலோ ஹெலிகாப்டரிலோ மேலே வருகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது வருகைப் புத்தகம். பெயரை எழுதி, நாளைக்கு எங்கே போகிறோம் என்பதையும் அதில் எழுத வேண்டும். ஒருவர் போய்ச் சேரவில்லை என்றால் தேடப் போகிறவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.

இத்தகைய நடைப் பயணங்களில் பேர்போனது டைரோலில் ஸில்லர் பள்ளத்தாக்கைச் சுற்றி வரும் வழி. 'பெர்லின் உயர்வழி' என்று அதற்குப் பெயர். ஏழெட்டு நாளில் நடந்து முடிக்கலாம். வழியில் வரும் குடில்களின் பெயர்களைப் பார்த்தால் ஜெர்மனியின் ரயில்வே அட்டவணையைப் படிப்பது போலிருக்கும்: பெர்லின் குடில், கிரைட்ஸ் குடில், காஸல் குடில். ஆஸ்திரியாவின் மலையில் பெர்லினுக்கு என்ன வேலை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் கடன்பட்டுச் செத்த ஒரு பாதிரியாரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பிரான்ஸ் ஸென் என்பது அவர் பெயர். 1831ல் பிறந்தவர். 1860ல் வெண்ட் என்ற கிராமத்துக்குப் பாதிரியாராக வந்தார். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அன்றைக்கு ஏழைக் குடியானவர்களின் ஊர். ஆடு மேய்ப்பதைத் தவிரப் பிழைக்க வழி அதிகம் கிடையாது. மலையைப் பார்க்க இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்திருந்த காலம். வருகிறவர்களுக்குப் படுக்க இடமும் போக வழியும் கூட்டிப்போக ஆளும் இருந்தால் இந்த ஜனங்கள் நாலு காசு பார்ப்பார்களே என்று ஸென்னுக்குத் தோன்றியது. தம் குருமனையையே விடுதியாக்கினார். மேய்ப்பர்களை வழிகாட்டிகளாகப் பழக்கினார். கடன் வாங்கிப் பாதை போட்டார். 'பனிப்பாறைப் பாதிரியார்' என்று ஊர்ப்பெயரே வந்துவிட்டது அவருக்கு. 1868ல் அவரோடு கணவாயைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்த அவருடைய வழிகாட்டி ஸிப்ரியன் கிரான்பிஹ்லர் பனிப்புயலில் சிக்கி இறந்துபோனார். நடுவழியில் ஒரு கூரை இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஸென்னுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிராக் நகரத்தில் யோஹான் ஸ்டூடல் என்று ஒரு பணக்கார வியாபாரி. மலைப் பைத்தியம். ஆஸ்திரியாவிலேயே உயரமான குளோக்னர் சிகரத்தின் தெற்குச் சரிவில், 2,800 மீட்டர் உயரத்தில், 1868ல் தம் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு குடில் கட்டினார். அடிவாரத்துக் கால்ஸ் கிராமத்து வழிகாட்டிகளை ஒரு சங்கமாகச் சேர்த்துக் கூலியையும் ஒழுங்கு செய்தார். ஸென்னும் ஸ்டூடலும், கார்ல் ஹாப்மன் என்ற சட்டக் கல்லூரி மாணவரும் சேர்ந்தால் என்ன நடக்கும்? அந்த நாளில் வியன்னாவில் ஒரு மலைச் சங்கம் இருந்தது, 1862ல் தோன்றியது. சொற்பொழிவும் ஆண்டு மலரும் அதற்குப் போதுமாக இருந்தன. பாதை போடுவதும் குடில் கட்டுவதும் தம் வேலை என்று வியன்னாப் பெரியவர்கள் நினைக்கவில்லை. 1869ல் இந்த மூவரும் நண்பர்களுமாக ம்யூனிக்கில் வேறொரு சங்கம் தொடங்கினார்கள். ஒவ்வொரு நகரத்திலும் ஒரு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் மலையில் ஒரு குடில் என்பது அவர்கள் ஏற்பாடு. கடலையே ஒட்டிய ஊர்க்காரனுக்கும் மலையில் ஒரு வீடு சொந்தமாயிற்று! 1873ல் வியன்னாச் சங்கமும் இதனோடு கலந்துவிட்டது.

மூவரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஹாப்மன் 1870ல் பிரான்சோடு நடந்த யுத்தத்தில் இருபத்து மூன்று வயது முடியுமுன் மாண்டார். ஸென் 1884ல் கடன் தீராமலே கண்ணை மூடினார். மறு வருஷம் ஸ்டூபாய் மலையில் திறந்த குடிலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பிழைத்திருந்தபோது கடன் அடைக்க உதவியிருந்தால் பாதிரியார் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஸ்டூடல் தம் சொத்தையெல்லாம் இழந்து 1925ல் ஸால்ஸ்பர்க்கில் காலமானார்.

பெர்லின் கிளைக்குப் பணமும் இருந்தது, ஆசையும் இருந்தது. 1879ல் ஸில்லர் மலையில், 2,042 மீட்டர் உயரத்தில், அவர்கள் ஒரு குடிலைத் திறந்தார்கள். வரவர அது வளர்ந்து அரண்மனையாகிவிட்டது. மர வேலைப்பாடு மிகுந்த உயரமான சாப்பாட்டுக் கூடம், தனித் தபாலாபீஸ், செருப்புத் தைக்க ஆள், போட்டோ கழுவ இருட்டறை, சொந்த மின்சாரம்! கழுதைகூடத் தயங்கி ஏறும் இடத்தில் இவ்வளவும். 1997ல் அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கினார்கள். இன்றும் அங்கே படுத்துத் தூங்கலாம்.

மற்ற தேசங்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்விட்ஜர்லாந்துச் சங்கம் தோன்றிய 1863ஆம் வருஷமே டோடி மலையில் ஒரு குடிலைக் கட்டிவிட்டது. (அந்தச் சங்கம் 1907ல் பெண்கள் கூடாது என்று தீர்மானித்தது. பெண்கள் 1918ல் தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றாக 1980 வரை ஆயிற்று.) வியன்னாத் தொழிலாளிகள் 1895ல் 'இயற்கை நண்பர்கள்' என்று ஒரு சங்கம் கண்டார்கள். பின்னாளில் ஆஸ்திரியாவின் ஜனாதிபதியான கார்ல் ரென்னர் அதன் மூலவர்களில் ஒருவர். டாக்டர்களும் வக்கீல்களும் நிறைந்த பழைய சங்கங்களில் தச்சனுக்கும் கொல்லனுக்கும் என்ன இடம் இருக்கும்? அவர்கள் 1907ல் தங்களுக்கென்று ஒரு மலைவீடு கட்டிக்கொண்டார்கள்.

மலைக் குடில் என்பது சத்திரத்தின் ஜாதி. இருட்டிய பிறகு, மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டுகிறவனைப் போ என்று சொல்லக்கூடாது என்பதுதான் அதன் முதல் தர்மம். மெத்தை இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடத்துத் தரையாவது தர வேண்டும். நம் பழைய சத்திரங்களிலும் தர்மம் என்று கல்வெட்டில் பொறித்துவிட்டு, உள்ளே இன்னாருக்கு இன்ன பந்தி என்று பிரித்து வைத்தது நமக்குத் தெரியாத கதை அல்ல. ஆல்ப்ஸிலும் அது நடந்தது.

முதல் யுத்தத்தில் தோற்று, ராஜ்யம் சிதறி, வியன்னா பசியில் கிடந்த காலம். தோல்விக்கு யார் மேலாவது பழி போட வேண்டுமே! சங்கத்தின் 'ஆஸ்திரியா' கிளைக்கு எடுவார்ட் பிஹ்ல் என்பவர் தலைவர். 1921ல் அந்தக் கிளை, ஆரியர் அல்லாதவர் உறுப்பினராக முடியாது என்று விதி செய்தது. நேற்று வரை ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மலை ஏறியவர்கள் இன்று யூதர் என்பதற்காக வெளியே நிறுத்தப்பட்டார்கள். கயிறு என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. ஒருவன் சறுக்கினால் மற்றவன் உயிரையும் பணயம் வைத்துத் தாங்கும் கயிறு அது.

தள்ளப்பட்டவர்கள், இந்த அநியாயம் பொறுக்காத பிற நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, அதே வருஷம் 'டோனாவ்லாண்ட்' என்று புதுக் கிளை தொடங்கினார்கள். 'வாழ்வுக்குப் பொருள் என்ன' என்று நாஜிச் சிறை முகாமிலிருந்து மீண்டு வந்து எழுதிய டாக்டர் விக்டர் பிராங்கல் அந்தக் கிளையில் இருந்தவர்தாம். மற்ற ஆஸ்திரியக் கிளைகள் கொதித்தெழுந்தன. டோனாவ்லாண்டை நீக்காவிட்டால் நாங்கள் பிரிந்து போவோம் என்று மிரட்டின. பல குடில்களின் வாசலில் யூதருக்கும் டோனாவ்லாண்டுக்காரருக்கும் இங்கே வரவேற்பில்லை என்று பலகை தொங்கியது. கடைசியில் 1924 டிசம்பரில் ம்யூனிக்கில் கூடிய மகாசபை டோனாவ்லாண்டை வெளியேற்றியது. நாஜிகள் ஆட்சிக்கு வர இன்னும் எட்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. எவனும் துப்பாக்கி நீட்டி மிரட்டவில்லை. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், பேராசிரியர்கள், கை தூக்கி ஓட்டுப் போட்டுச் செய்த காரியம் இது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் உறுத்துவது இதுதான்.

பெர்லின் கிளையில் யூத அங்கத்தினர் ஏராளம். மேலே சொன்ன அரண்மனைக் குடிலுக்கு அவர்களும் பணம் கொடுத்தவர்கள். 1924க்குப் பிறகு அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறி, மறு வருஷம் தனிச் சங்கம் கண்டார்கள். சங்கம் இருந்தால் குடில் வேண்டாமா? அதே ஸில்லர் மலையில், பிரீஸன்பெர்க் ஏரிக்கு மேலே, ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் 1928ல் வேலையை ஆரம்பித்தார்கள். கெட்டியான கல் வீடு. பழைய வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அந்த மலையை விட்டுவிட்டு வேறு மலைக்குப் போகவில்லை.

அந்த வீட்டில் அவர்கள் அனுபவித்த கோடைகள் கொஞ்சம்தான். 1934ல் அந்தச் சங்கத்தை நாஜிகள் ஒழித்தார்கள். வீடு டோனாவ்லாண்டின் கைக்கு வந்தது. 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் டோனாவ்லாண்டும் போயிற்று, வீடும் பறிமுதலாயிற்று. பட்டாளத்தார் அதில் குடியேறினார்கள். கட்டினவர்களில் தப்பிக்க முடிந்தவர்கள் கடல் கடந்து போனார்கள். முடியாதவர்கள் முகாம்களில் மாண்டார்கள். யுத்தம் முடிந்து வீடு திரும்பக் கிடைத்தபோது, அதில் வந்து தங்குவதற்கு ஆட்கள் மிச்சமில்லை. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலரால் அவ்வளவு உயரத்தில் ஒரு வீட்டைப் பராமரிக்க முடியுமா? 1968ல் அது பெர்லின் கிளையின் கைக்கு வந்தது. ஆம், எந்தக் கிளையிலிருந்து வெளியேறினார்களோ அதே கிளைக்கு! கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று நானே அடித்துவிடுவேன்.

பிஹ்லின் பெயரைத் தாங்கி வோலயர் ஏரிக் கரையில் ஒரு குடில் வெகு காலம் இருந்தது. அந்தப் பெயரை 2002ல்தான் எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் பிரீஸன்பெர்க் வீட்டை, துவேஷத்துக்கும் சகிப்பின்மைக்கும் எதிராகப் பல தேசத்து இளைஞர்கள் கூடிப் பேசும் இடமாக அறிவித்தார்கள்.

இனி, படத்தை விரித்துக் காத்திருக்கும் நம் குடும்பஸ்தரிடம் திரும்புவோம். குடில்கள் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் கடைசியில் மூடுகின்றன. ஆனால் பெர்லின் குடிலுக்குப் போக 3,100 மீட்டருக்கு மேல் உள்ள ஷோன்பிஹ்லர் கொம்பைத் தாண்ட வேண்டும். ஜூனில் அங்கே பனி கிடக்கும். இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டிய இடத்தில் கம்பியே பனிக்குள் இருக்கும். ஜூலை நடுவுக்குப் பிறகு போவதே உசிதம். முதல் இரவு பிங்கன்பெர்க் ஊருக்கு மேலே காம்ஸ் குடிலில் தங்கினால், மறுநாள் பிரீஸன்பெர்க் வீட்டுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் நடக்க வேண்டும். வழி முழுவதிலும் இதுதான் மிக நீண்ட நாள். இடையில் வேறு குடில் கிடையாது. விடியுமுன் கிளம்ப வேண்டும். மத்தியான இடிமழைக்கு முன் பாதி வழியாவது கடந்திருக்க வேண்டும். மெத்தைக்கு முன்கூட்டியே எழுதிப் போடுவதும் அவசியம். இப்போது எல்லாம் இணையத்தில்தான். இதற்கு அடுத்த நாள் ஓல்பெரர் குடில் வரை இரண்டே மணி நேர நடை. ஆகையால் அன்று காலையில் அவசரப்பட்டு மூட்டை கட்ட வேண்டியதில்லை. சூப்பைக் குடித்துவிட்டு, அந்தக் கல் வீட்டைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.