ஓட்டைக் காலணா

ஓட்டைக் காலணா என்பது 1943 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்திய அரசு அச்சிட்ட, நடுவில் பெரிய வட்டத் துளை கொண்ட வெண்கலக் காசு. 16 அணா ஒரு ரூபாய், 4 காலணா ஓர் அணா என்ற பழைய கணக்கில் இத்தகைய 64 காசுகள் சேர்ந்தால் ஒரு ரூபாய். பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளோடு போர்க்காலத்தில் தொடங்கிய லாகூர் நாணயச்சாலையிலும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் இது அச்சானது. அரசரின் தலை இதில் இல்லை. மகுடம் மட்டுமே உண்டு. இந்தத் துளை போர்க்காலச் சிக்கனத்தின் அடையாளம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உலோகத்தைக் குறைத்தால் சில்லறைக் காசைக் காப்பாற்றிவிடலாம் என்று அரசுகள் பல முறை நம்பியிருக்கின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதை இந்தக் காசின் வரலாற்றைக் கொண்டே அளந்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது செம்புக்கும் நிக்கலுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளில் தேவை பெருகியது. விலைவாசியும் ஏறியது. காசைச் செலவழிப்பதைவிடப் பதுக்குவது நல்லது என்று மக்கள் எண்ணத் தொடங்கியதும் கடைத்தெருவில் சில்லறை மறைந்தது. தேவைக்கு மேல் சில்லறை சேர்த்து வைப்பதை அரசு குற்றமாக்கியது. மேற்கிந்தியச் சமஸ்தானங்கள் சில அட்டைத் துண்டுகளையே காசாக வெளியிட்டன. இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஓட்டைக் காலணா. முந்தைய காலணாவின் எடை 4.86 கிராம், குறுக்களவு 25.4 மில்லிமீட்டர். புதியதன் எடை ஏறத்தாழ 2 கிராம், குறுக்களவு சுமார் 21 மில்லிமீட்டர். ஒரு காசுக்கான வெண்கலத்தில் இப்போது இரண்டு காசு அடிக்க முடிந்தது. துளை இல்லாமலே இன்னும் சிறிய வட்டமாக அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படி அடித்தால் கையாளச் சிரமமான பொடிக்காசாகிவிடும். துளை இருந்ததால் எடை குறைந்தும் அளவு பிடிபடும்படி இருந்தது; இருட்டிலும் விரலால் தடவி அடையாளம் காண முடிந்தது.

காலணா எந்தக் காலத்திலும் அடையாளக் காசுதானே, அதன் மதிப்பு செம்பில் இல்லையே என்பது இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு. சட்டப்படி அது சரி. 1906-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வெண்கலக் காசை ஒரு ரூபாய் வரையிலான தொகைக்கே செல்லுபடியாக்கியிருந்தது. ஆனால் மக்களின் கணக்கு சட்டத்தோடு நிற்பதில்லை. காசின் மதிப்பை உலோகத்தில் தேடும் பழக்கம் நம்மிடம் மிக ஆழமானது. திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்தில் அதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அவ்வூர் இறைவன் பழமலைநாதரிடம் சுந்தரர் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. இறைவனே கொடுத்த பொன் என்றாலும் அதன் மாற்று உரைத்துப் பார்க்கப்பட்டது. திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் வழிபடப்படுகிறார். கொடுத்தவர் யாராயினும் தரத்தைச் சோதிக்கும் இந்த வழக்கம் வளர்ந்த நாட்டில், நடுப்பகுதியே இல்லாத ஒரு காசைக் கொடுத்து அரசின் சொல்லை மட்டும் நம்பச் சொன்னார்கள். மக்கள் அதைப் புழங்கினார்கள், ஆனால் மதிக்கவில்லை. பயனற்றவனை ஓட்டைக் காலணா என்று ஏசும் வழக்கு அப்படித்தான் நிலைத்தது. காசே சில இடங்களில் வாஷராகப் போய்ச் சேர்ந்தது. மதிப்பின்மைக்குத் துளையே காரணம் என்று சொல்வதற்கில்லை. பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவில் 1907 முதலே துளைக்காசுகள் புழங்கின. ஜப்பானின் துளையுள்ள 5 யென் காசு 1949 முதல் இன்றுவரை செல்கிறது.

ஜப்பானின் சென் காசு இந்த வாதத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோகிறது. 100 சென் ஒரு யென். வெண்கலத்திலிருந்து பித்தளை, அலுமினியம், தகரமும் துத்தநாகமும் கலந்த உலோகம் என்று ஒரு சென் படிப்படியாக இறங்கியது. 1945-ல் உலோகமே இல்லாமல் கியோட்டோ, செட்டோ, அரிட்டா ஆகிய பீங்கான் ஊர்களில் சுட்ட மண்ணால் ஒரு சென் செய்தார்கள். கோடிக்கு மேல் தயாராகியும் அவை முறைப்படி வெளியாகவில்லை. போர் முடிந்ததும் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. கொலுப் பொம்மைக்கும் பீங்கான் பொருளுக்கும் பெயர்பெற்ற விருத்தாசலத்துத் தொழிலாளிகளுக்கு இதன் சிக்கல் எளிதில் புரியும். களிமண் உலரும்போது சுருங்கும், சூளையில் மேலும் சுருங்கும். ஒரே அச்சில் எடுத்தவைகூட அளவில் சற்றே மாறுபடும். ஆனால் சென் மடிந்தது மண்ணின் குறையால் அல்ல. மண் காசை உருக்கி விற்க எவராலும் முடியாது. அந்த வகையில் அதுவே மிகப் பாதுகாப்பான காசு. போருக்குப் பிந்தைய விலையேற்றத்தில் ஒரு சென்னுக்கு வாங்க எதுவுமில்லாமல் போனது. 1953 இறுதியோடு சென் காசுகள் செல்லாதவையாயின. உலோகத்தைக் குறைப்பது காசை உருக்குபவரிடமிருந்து காக்குமே தவிர, விலைவாசியிடமிருந்து காக்காது.

இந்தியாவிலும் நடந்தது இதுவே. பாகிஸ்தான் 1948-ல் தன் முதல் பைசாவைத் துளையுடனேயே அடித்தது. இந்தியக் குடியரசு 1950-ல் துளையை மூடிக் குதிரைச் சின்னத்துடன் காலணா வெளியிட்டது, ஆனால் போருக்கு முந்தைய எடை திரும்பவில்லை. 1957 ஏப்ரல் 1-ல் தசம நாணயம் வந்தபோது காலணாவுக்கு 2 நயா பைசா, அணாவுக்கு 6 நயா பைசா என்று மாற்று விகிதம் வைத்தார்கள். நான்கு முறை காலணாவுக்குப் பொருள் வாங்கியவர் 8 நயா பைசா கொடுத்தார்; அந்தச் சிறு நட்டம் ஏழைகளின் தலையில்தான் விழுந்தது. வெண்கல ஒரு பைசா 1962-ல் நிக்கல் பித்தளையாகி, 1965-ல் முக்கால் கிராம் அலுமினியச் சதுரமாகத் தேய்ந்தது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அரசு அறிவித்தது. 50 பைசா மட்டும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு இன்றும் செல்லும். வாங்க மறுக்கும் கடைகளே மிகுதி.