ஒட்டிக்கொள்ளும் சீட்டும் வெளிச்சம் கசிந்த சீட்டும்

ஏதாவது ஒரு சீட்டை மனசுக்குள் நினைத்துப் பெயரைச் சொல்கிறீர்கள். மேடையில் இருப்பவர் கட்டை விரிக்கிறார். நீங்கள் சொன்ன சீட்டு மட்டும் கவிழ்ந்திருக்கிறது! சிகாகோவின் ஜோ பெர்க் 1936-இல் கொண்டுவந்த 'அல்ட்ரா மென்டல் டெக்' செய்யும் வேலை இது.

சூட்சுமம் ரொம்ப எளிது. 52 சீட்டும் இரண்டிரண்டாக, முதுகோடு முதுகாக அடுக்கியிருக்கும். முதுகில் சொரசொரப்பான பூச்சு. விரலால் லேசாகத் தள்ளும் ஜோடி மட்டுமே பிரியும்.

அதே காலத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன், சீட்டுகளை வைத்தே மனசக்தியை ஆராய்ந்தார். 25 சீட்டு, 5 குறிகள். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். அதற்கு மேல் தொடர்ந்து வந்தால் புலன்களைத் தாண்டிய ஆற்றல் என்றார். 1934-இல் புத்தகமும் போட்டார். ஆனால் பின்னர் கடைக்கு வந்த அந்தச் சீட்டுகள் சிலவற்றில், வெளிச்சம் பட்டால் பின்பக்கமே குறி தெரிந்தது.

மேடையில் சீட்டின் ரகசியம்தான் கலை. ஆய்வில் அதே ரகசியம் சான்றைக் குப்பையாக்கிவிடும். என் மென்பொருள் வேலையிலும் இதே கதைதான்: ரிசல்ட்டைக் கொண்டாடும் முன் டெஸ்ட் டேட்டாவைப் பார்க்கணும். மனசக்தி என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது சீட்டுக்கட்டைத்தான்.