கிராபிக்ஸ் கார்டு மாற்றத்துக்குப் பின் வரும் கோளாறுகள்

மேசைக்கணினியில் பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய பிறகு, திரையில் படம் வராமல் போகலாம். ஆட்டத்தின் நடுவே கணினி அணைந்துவிடலாம். விண்டோஸ் திறக்க மறுக்கலாம். புது கார்டு பழுது என்று முடிவுகட்டிக் கடைக்கு எடுத்துப்போவோர் பலர். மின்சாரம், பொருத்திய விதம், பயாஸ் அமைப்பு, டிரைவர் என்று வரிசையாகப் பார்த்துவந்தால், அதற்குத் தேவையே இல்லாமல் கோளாறு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்பது தெரியாது.

மதர்போர்டில் கார்டு உட்காரும் நீண்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட், அதிக அளவாக 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படுவது கணினியின் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி கேபிளில் வர வேண்டும். 6 பின் இணைப்பு 75 வாட்டும் 8 பின் இணைப்பு 150 வாட்டும் கொடுக்கும். பழைய கார்டு ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடியிருந்தால், புதியதற்குத் தனி கேபிள் வேண்டும் என்பதே சிலருக்குத் தோன்றுவதில்லை. பிராசஸருக்கான 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே 12 வோல்ட் கம்பிகளும் கிரவுண்டு கம்பிகளும் இடம் மாறி இருக்கும். வலிந்து செருகக் கூடாது. கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.களில் இன்னும் கவனம் தேவை: எஸ்.எம்.பி.எஸ். பக்க முனைக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. ஒன்றோடு வந்த கேபிளை மற்றொன்றில் செருகினால் கார்டோ மதர்போர்டோ கருகிவிடக்கூடும்.

600 வாட் வரை தாங்கும்படி அமைந்த 16 பின் இணைப்பு, 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் உருகியது. முனை முழுவதும் உள்ளே போகாதது ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. அதனால் 2023இல் வந்த திருத்திய வடிவத்தில் சென்ஸ் பின்கள் குட்டையாக்கப்பட்டன. அரைகுறையாகச் செருகினால் அவை தொடாததால் கார்டு மின்சாரம் இழுக்காது.

ஆட்டம் தொடங்கியதும் கணினி பட்டென்று அணைவது வேறு வகை. 300 வாட் கார்டு என்றால் எப்போதும் 300 வாட் இழுக்கும் என்று பொருளல்ல. ஒரு நொடியில் ஆயிரத்திலொரு பங்கு நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். அந்த உச்சத்தைத் தாங்காத எஸ்.எம்.பி.எஸ். தற்காப்புக்காக நின்றுவிடும். 2022இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 தரம் இந்த உச்சங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. வீட்டு யு.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கரண்ட் இருக்கும்வரை நன்றாக ஓடி, போன நொடியில் எல்லாம் அணைந்தால் கார்டின் மேல் குற்றமில்லை.

பொருத்துவதில் நேரும் பிழைகள் எளியவை. ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கி விழாமல் கார்டு சாய்ந்து நிற்கும். அல்லது மானிட்டர் கேபிள் மதர்போர்டின் பின்புறத்திலேயே செருகியிருக்கும். எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் கோர் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால் அந்த இடத்தில் படம் வரவே வராது.

மக்களை அதிகம் அலைக்கழிப்பது பயாஸ்தான். யு.இ.எஃப்.ஐ. மதர்போர்டு தொடக்கத் திரையைக் காட்ட, கார்டுக்குள் ஜி.ஓ.பி. என்னும் சிறு நிரல் இருக்க வேண்டும். பல பழைய கார்டுகளில் அது இல்லை. சி.எஸ்.எம். என்ற பழைய முறை ஆதரவை அணைத்துவைத்த கணினியில் அத்தகைய கார்டைப் போட்டால் திரை இருண்டே கிடக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. 2022இல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகள் முழு வேகம் தர ரீசைசபிள் பார் என்னும் பயாஸ் அமைப்பு வேண்டும். அதை இயக்கச் சி.எஸ்.எம்.மை அணைக்க வேண்டும். விண்டோஸ் பழைய எம்.பி.ஆர். முறை வட்டில் இருந்தால் அப்போது கணினி திறக்காது. வட்டு போய்விட்டது என்று பயந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவோர் உண்டு, தேவையே இல்லை. சி.எஸ்.எம்.மை மறுபடி இயக்கினால் விண்டோஸ் திரும்ப வரும். முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துவைத்து, 2017 முதல் விண்டோஸ் 10உடன் வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால் வட்டை ஜி.பி.டி. முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். பிட்லாக்கர் பூட்டிய கணினியில் பயாஸைத் தொடும் முன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதிவைப்பது கட்டாயம்.

என்விடியாவிலிருந்து ஏ.எம்.டி.க்கோ மறுபுறமோ மாறும்போது பழைய டிரைவரின் மிச்சங்கள் தொல்லை தரலாம். டி.டி.யு. என்ற இலவசக் கருவியைச் சேஃப் மோடில் இயக்கித் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவுவது வழக்கம். அந்த நேரத்தில் இணையத்தைத் துண்டித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் தானே ஒரு டிரைவரை இறக்கிவிடும். ஒரே நிறுவனக் கார்டுக்கு மாறுவோருக்கு இது பெரும்பாலும் வேண்டியதில்லை. லினக்ஸில், பழைய என்விடியா கார்டுக்காக எழுதிய எக்ஸார்க் அமைப்புக் கோப்பு அப்படியே கிடந்தால், ஏ.எம்.டி. கார்டு போட்ட பின் வரைகலைத் திரை எழாமல் போகலாம்.

படம் வந்தும் வேகம் இல்லையென்றால் ஸ்லாட்டைப் பார்க்க வேண்டும். பல மதர்போர்டுகளில் கீழ் ஸ்லாட் முழு நீளம் இருந்தும் தரவு செல்ல நான்கு தடங்களே கொண்டது. ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யோ கார்டே நான்கு தடங்களில் ஓடுவது. மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மதர்போர்டில் பல ஆட்டங்களில் அது தெளிவாகவே பின்தங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் குறை தீராவிட்டால் பழைய கார்டை மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். அதிலும் அதே குறை வந்தால் கணினியின் மற்ற பாகங்களைச் சோதிக்க வேண்டும். பழையது நன்றாக ஓடி, புதியது வேறொரு கணினியிலும் படம் தராவிட்டால் உத்தரவாதத்தில் மாற்றிக் கேட்கலாம். அதுவரை பழைய கார்டை விற்காமல் வைத்திருப்பது நல்லது.